கார்த்திகை விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் தூசி

(கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலைத் தீபத்தைப் பற்றிக் கள்ளக்குறிச்சி மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இரவில் வானத்தில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். கார்த்திகை மாதத்து முழுநிலவு, கார்த்திகை விண்மீன் கூட்டத்தை ஒட்டியே நிற்கும். திருநாளின் கணக்கே அதுதான். ஆனால் நிலவு வெளிச்சத்தில் அந்தக் கூட்டம் மங்கிவிடும். அதைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு வாரம் பொறுத்து, அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைமேல் ஏற வேண்டும். தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்து நின்றால், டிசம்பர் நடுவில் இரவு பத்து மணிவாக்கில் கார்த்திகை ஏறக்குறைய உச்சியில் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஆறு விண்மீன் தெரியும். கூர்மையான கண் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு கூடுதலாகத் தெரியும். பைனாகுலரை வைத்துப் பார்த்தால் பல பத்து.

இன்று நான் பேச வந்தது அந்த விண்மீன்களுக்கு இடையில் கிடக்கும் தூசியைப் பற்றி.

1859ஆம் ஆண்டு, டெம்பெல் என்ற ஜெர்மானியர் வெனிஸ் நகரத்திலிருந்து சிறிய தொலைநோக்கியில் கார்த்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மெரோப்பி என்ற விண்மீனைச் சுற்றி மங்கலான ஒரு படலம் இருப்பதைக் கண்டார். அது என்ன என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. 1912இல் அமெரிக்காவின் லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அந்தப் படலத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பதிவு செய்தார். பக்கத்து விண்மீனின் நிறமாலையும் படலத்தின் நிறமாலையும் அப்படியே ஒத்திருந்தன. படலத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, விண்மீனின் ஒளி நுண்ணிய தூசியில் பட்டுச் சிதறி நமக்கு வருகிறது என்பது அன்று தெரிந்தது. அண்டவெளியில் தூசி உண்டு என்பதற்குக் கிடைத்த மிகத் தெளிவான தொடக்ககாலச் சான்றுகளில் அது ஒன்று.

இந்தத் தூசி கார்த்திகை விண்மீன்கள் பிறந்தபோது மிஞ்சியது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அப்படி இல்லை. அந்தக் கூட்டத்தின் வயது சுமார் 10 கோடி ஆண்டு. பிறந்த இடத்துத் தூசி அதற்குள் கலைந்து போயிருக்கும். இன்று நாம் பார்ப்பது, அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும் வேறொரு முகில். விண்மீன் கூட்டமும் முகிலும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டிருக்கின்றன. நம் நல்ல காலம் அது. முகில்களில் பெரும்பாலானவை இருட்டில் கிடக்கின்றன. விளக்கு வந்து பக்கத்தில் நின்றால்தான் அவற்றின் உள்ளமைப்பு தெரியும். இங்கே சுமார் 440 ஒளி ஆண்டு தொலைவில், ஒரு முகிலுக்குள் பல விளக்குகள் நுழைந்திருக்கின்றன.

அந்த விளக்கு வெளிச்சத்தில் தெரியும் ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். மெரோப்பிக்கு மிக அருகே, வெறும் 3,500 வானியல் அலகு தொலைவில் ஒரு சிறு முகில் துண்டு இருக்கிறது. வானியல் அலகு என்றால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு, சுமார் 15 கோடி கிலோமீட்டர். எட்வர்ட் பார்னார்டு 1890இல் இதைக் கண்டுபிடித்தார். மெரோப்பியின் பளபளப்பு கண்ணைக் கூச வைக்கும் இடத்தில் அவருக்கு இது தென்பட்டதே பெரிய விஷயம். நூறு ஆண்டுக்குப் பிறகு ஜார்ஜ் ஹெர்பிக், தியடோர் சைமன் இருவரும் ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டு இதைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் மெல்லிய இழைகள் மெரோப்பியை நோக்கி நேர்நேராக நீண்டு கிடக்கின்றன. அவர்கள் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. முகில் விண்மீனை நோக்கி நகர்கிறது. விண்மீனின் ஒளி தூசியை எதிர்த்துத் தள்ளுகிறது. ஒளிக்கும் அழுத்தம் உண்டு. பொடித் துகள்கள் அந்தத் தள்ளலுக்குச் சீக்கிரம் அடங்கிப் பின்தங்கிவிடுகின்றன. பெரிய துகள்கள் முன்னேறிப் போகின்றன. ஒளியே தூசியைத் தரம் பிரிக்கிறது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் ஒளியில். இனி அகச்சிவப்புக்கு வருகிறேன். ஏன் அகச்சிவப்பு?

ஒரு தூசித் துகள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைச் சிதறடிக்கிறது. மீதியை விழுங்குகிறது. விழுங்கியதால் சூடாகிறது. சூடு என்றதும் நம் ஊர் வெயிலை நினைத்துவிட வேண்டாம். சாதாரண விண்மீன் வெளிச்சத்தில் கிடக்கும் துகளின் வெப்பநிலை சுமார் 20 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே 250 பாகை செல்சியசுக்கும் மேல். அவ்வளவு குளிர்ந்த பொருளும் ஒளி வீசும். ஆனால் அது 100 மைக்ரோமீட்டரைச் சுற்றிய அலைநீளத்தில், கண்ணுக்கு எட்டாத நெடு அகச்சிவப்பில் இருக்கும். இன்னொரு வகைத் துகளும் உண்டு. சில பத்து அல்லது சில நூறு அணுக்கள் மட்டுமே கொண்ட கார்பன் வளைய மூலக்கூறுகள். துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டை இருக்கிறதே, அதில் உள்ள நாப்தலீன் அந்தக் குடும்பத்தில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. இவை மீது ஒரே ஒரு புற ஊதா ஒளித்துணுக்கு விழுந்தாலும் போதும், சட்டென்று ஆயிரம் கெல்வின் அளவுக்குச் சூடேறி, சில நொடிகளில் ஆறிவிடும். 1984இல் கிரிஸ் செல்கிரென் என்ற வானியலாளர் இதை நிறுவிய விதம் அழகானது. விண்மீனிலிருந்து விலகிப் போகப் போகத் தூசி குளிர வேண்டும், அகச்சிவப்பு ஒளியின் நிறம் மாற வேண்டும். அவர் அளந்தபோது நிறம் மாறவே இல்லை. அப்படியானால் துகள்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சீராகச் சூடாகவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு கணம் சூடாகி அணைகிறது என்று அவர் முடிவு செய்தார்.

1983ஆம் ஆண்டு ஜனவரியில் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து செய்தது. 57 சென்டிமீட்டர் ஆடி, அதைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம். ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் வேலை செய்தது. அந்தப் பத்து மாதத்தில் ஏறக்குறைய முழு வானத்தையும் அகச்சிவப்பில் அளந்துவிட்டது. 100 மைக்ரோமீட்டரில் வானம் எங்கும் இழை இழையாக மெல்லிய முகில் பரவியிருந்தது. வெற்றிடம் என்று எண்ணிய இடங்களிலும் இருந்தது. ஆனால் ஐராஸின் பார்வை மழுங்கலானது. கார்த்திகையின் தொலைவில் பல ஆயிரம் வானியல் அலகுக்குக் குறைந்த எதையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. பெரிய இழைகள் தெரிந்தன. இழைக்குள் என்ன இருக்கிறது?

அதே 1983இன் இறுதியில், சென்னையில் வளர்ந்து மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய ஆய்வுக்காகக் கொடுத்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அவர் முகில்களைப் பற்றியும் எழுதினார் என்பது நம் மாணவர்களுக்கு யாரும் சொல்லாதது. 1950 முதல் 1952 வரை, கீடோ மியூன்ச் என்ற மெக்சிகோ நாட்டு வானியலாளரோடு சேர்ந்து, பால்வீதியின் வெளிச்சம் இடத்துக்கு இடம் ஏறி இறங்குவது ஏன் என்று தொடர்ச்சியாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். விண்மீன்களின் ஒளியை நடுவில் உள்ள தூசி மறைக்கிறது. மறைப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. அந்த ஏற்ற இறக்கத்தின் கணக்கை வைத்தே தூசி எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? முதலில் அவர்கள் தனித்தனி முகில்கள் சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கடைசிக் கட்டுரையில் அந்தப் படத்தை விட்டுவிட்டார்கள். தனி முகில் என்று எல்லை போட வேண்டாம், அடர்த்தி எங்கும் தொடர்ந்து ஏறி இறங்கும் ஒரு பரப்பாக இதைப் பார்க்கலாம் என்றார்கள்.

தனித்தனிக் கட்டிகளா, தொடர்ந்து மடிந்து கிடக்கும் ஒரே பரப்பா? நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்ததன் நடுப்புள்ளி இந்தக் கேள்விதான். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் இது உயிரோடு இருக்கிறது.

1976இல் கேள்வி கூர்மையானது. டீட்டர், வெல்ச், ரோம்னி மூவரும் ரேடியோ அலையில், 3சி 147 என்ற தொலைதூர மூலத்துக்கு முன்னால், தூசியோடு கலந்து கிடக்கும் ஹைட்ரஜன் வாயுவை அளந்தார்கள். சுமார் 70 வானியல் அலகு இடைவெளியில் வாயுவின் அளவு மாறுவதைக் கண்டார்கள். 70 அலகு என்றால் நம் சூரியக் குடும்பத்துக்குள் அடங்கிவிடும் அளவு. அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு வாயுவைத் திணித்தால் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு ஏறிவிடும். அப்படி ஒரு கட்டி சில நூறு ஆண்டுகளில் வெடித்துச் சிதற வேண்டும். வானத்தில் பார்க்கும் இடமெல்லாம் இப்படிக் கட்டிகள் இருக்கின்றன என்றால், யார் அவற்றை ஓயாமல் செய்துகொண்டே இருப்பது?

1997இல் கார்ல் ஹைல்ஸ் ஒரு வழி சொன்னார். அவை உருண்டைக் கட்டிகளே அல்ல. மெல்லிய தகடுகளையும் இழைகளையும் நாம் விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம். நீளவாக்கில் நிறைய வாயு, குறுக்காகக் கொஞ்சம்தான். 2000ஆம் ஆண்டில் பெங்களூரில், சர் சி. வி. ராமன் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அவினாஷ் தேஷ்பாண்டே இன்னும் ஒரு படி மேலே போனார். அவரும் துவாரகநாத்தும் கோஸும் காசியோப்பியா ஏ என்ற விண்மீன் வெடிப்பு எச்சத்துக்கு முன்னால் உள்ள ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு, எந்த அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று கணக்கிட்டார்கள். பெரிய அளவிலிருந்து சிறிய அளவு வரை ஒரே விதிப்படி அது குறைந்துகொண்டே போனது. இரண்டு பார்வைக் கோடுகளுக்கு இடையே தெரியும் வேறுபாடு சின்னக் கட்டியிலிருந்து மட்டும் வருவதில்லை, எல்லா அளவிலும் உள்ள மடிப்புகள் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன என்று தேஷ்பாண்டே காட்டினார். சந்திரசேகரும் மியூன்சும் கடைசிக் கட்டுரையில் எடுத்துக்கொண்ட படம் வேறொரு வழியில் திரும்பி வந்தது என்றே இதை நான் படிக்கிறேன்.

ஆனாலும் இவை எல்லாம் கணக்கிலிருந்து ஊகித்தவை. தகட்டைத் தகடாகக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

வெள்ளிமலைச் சாலையில் மழைக்காலத்து இரவில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பனிமூட்டம் சூழ்ந்திருக்கும்போது சும்மா பார்த்தால் வெள்ளையாக ஒரே மொத்தை. வளைவில் பஸ் திரும்பும்போது முகப்பு விளக்கின் கற்றை மூட்டத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு வெட்டில் மட்டும், எங்கே அடர்த்தி, எங்கே இடைவெளி, எங்கே அடுக்கு என்று ஒரு கணம் தெளிவாகத் தெரியும். விண்வெளி முகிலுக்கும் அப்படி ஒரு வெட்டுக் கற்றை வேண்டும். நிலையாக எரியும் விண்மீன் முகில் முழுவதையும் ஒரே நேரத்தில் ஒளியூட்டுகிறது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிகின்றன. கார்த்திகையில் உள்ள சிக்கல் அதுதான். விளக்கு ஒரு கணம் மட்டும் பளிச்சிட்டு அணைந்தால், அந்தப் பளிச்சொளி மெல்லிய ஓடாக முகிலுக்குள் நகர்ந்து போகும். எந்த நேரத்திலும் ஒரு மெல்லிய வெட்டு மட்டுமே ஒளிரும்.

காசியோப்பியா ஏ அதைச் செய்தது. அந்த விண்மீன் வெடித்த ஒளி சுமார் 350 ஆண்டுக்கு முன்பே பூமியைத் தாண்டிப் போய்விட்டது. வெடித்தபோது வேறு திசைகளில் கிளம்பிய எக்ஸ் கதிரும் புற ஊதாவும் வழியில் உள்ள முகில்களைத் தொட்டுச் சூடாக்கிக்கொண்டே போகின்றன. சூடான தூசி அகச்சிவப்பை வீசுகிறது. சுற்றி வருவதால் அந்த ஒளி நமக்கு 350 ஆண்டு தாமதமாக இப்போதுதான் வந்து சேர்கிறது. இதற்கு ஒளி எதிரொலி என்று பெயர். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி 2005 வாக்கிலேயே இதைக் கண்டுவிட்டது. ஆனால் அதன் ஆடி 85 சென்டிமீட்டர், உருவம் கலங்கலாக வந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர். அது 2024இல் சில வார இடைவெளி விட்டு விட்டு அதே திசையைப் படம் எடுத்தது. 2025 ஜனவரியில் படங்கள் வெளியாயின.

அந்தப் படங்களை மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். அடுக்கடுக்காக, நெருக்கமாக, இணையாக ஓடும் மெல்லிய தகடுகள். நடுநடுவே முடிச்சு விழுந்து, கோடுகள் அதைச் சுற்றி வளைந்து போகின்றன. காந்தப் புலம் அங்கே சுழன்று முறுக்கிக்கொண்டதால் வந்த தீவுகளாக அவை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தகட்டின் கனம் சுமார் 400 வானியல் அலகு, 6,000 கோடி கிலோமீட்டர். ஓர் ஒளி ஆண்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 11,000 ஒளி ஆண்டு தொலைவில் வெப் தொலைநோக்கியால் பிரித்துப் பார்க்கக்கூடிய எல்லையை ஒட்டிய அளவு அது. சில வாரத்தில் ஒளி ஓடு நகர்ந்துவிடுகிறது. அடுத்த படத்தில் அடுத்த வெட்டு. படங்களை வரிசையாக அடுக்கினால் முகிலின் முப்பரிமாண உருவமே கிடைத்துவிடும்.

என் தீர்ப்பு இது. கட்டிகள் என்று சொல்லி வந்த பலவும் தகடுகளும் மடிப்புகளுமே என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இதுவரை வந்ததில்லை. ஆனால் ஒரு திசையில் பார்த்ததை வைத்துப் பால்வீதி முழுவதற்கும் எழுதிவிடக் கூடாது. மெரோப்பி பக்கத்தில் ஒளியழுத்தம் இழைகளைச் செய்கிறது. வேறிடத்தில் காந்தப் புலம் செய்கிறது. விண்மீன்கள் பிறக்கும் அடர்ந்த முகில்களில், 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் தொலைநோக்கி கண்ட இழைகளோ ஓர் ஒளி ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அகலம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

இது ஏன் முக்கியம்? முகில் ஒரே கட்டியாக இருந்தால் விண்மீனின் புற ஊதா ஒளி அதன் மேல்தோலிலேயே நின்றுவிடும். இடைவெளிகள் இருந்தால் உள்ளே ஆழமாகப் புகும். உள்ளே புகுந்தால் கார்பன் அணுக்கள் மின்னேற்றம் அடைந்து 158 மைக்ரோமீட்டரில் ஒளி வீசும். முகில் எப்படிக் குளிர்கிறது, எப்போது சரிந்து விண்மீனாகிறது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. அந்த 158 மைக்ரோமீட்டர் ஒளியை அளப்பதில் நம் நாட்டுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியைப் பெரிய பாலிதீன் பலூனில் கட்டி, ஹைதராபாத்திலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். 1999 முதல் ஜப்பானியர்கள் செய்து கொடுத்த நிறமாலைக் கருவியும் அதில் ஏறியது. கோஷ், முகர்ஜியா, ரெங்கராஜன் முதலியோர் அதைக்கொண்டு ஓரியன் முகிலின் 158 மைக்ரோமீட்டர் வரைபடத்தை எடுத்து 2003இல் வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் செலவில் சிறு பங்குகூட இல்லாத வேலை அது.

ஏன் பலூன், ஏன் நம் மலைகளில் ஒன்றின்மேல் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். கல்வராயனுக்கு வடக்கே ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு 1968இல் தொடங்கிய ஆய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. நெடு அகச்சிவப்பைக் காற்றில் உள்ள நீராவி அப்படியே விழுங்கிவிடும். கல்வராயனில் சாமையும் தினையும் விளைவதற்கும், மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் தண்ணீர் கொட்டுவதற்கும் காரணமான அதே ஈரம்தான் தடை. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் காற்று வறண்டது. அங்கேகூட அண்மை அகச்சிவப்புதான் நன்றாக வரும்.

ஆனால் கல்வராயன் வேறொன்றைத் தருகிறது, இருட்டு. நவம்பர், டிசம்பர் முன்னிரவில் வடக்கே பார்த்தால் ஐந்து விண்மீன்கள் எம் என்ற ஆங்கில எழுத்தாக நிற்கும். அதுதான் காசியோப்பியா. நம் ஊரிலிருந்து பார்க்கும்போது, வெடித்த அந்த விண்மீனின் எச்சம் உள்ள திசை வடக்குத் தொடுவானிலிருந்து சுமார் 43 பாகை உயரம் வரை ஏறும். எச்சம் கண்ணுக்குத் தெரியாது. திசையைக் காட்டலாம். கார்த்திகையின் நீலப் படலத்தை ஒரு சாதாரண கேமராவும் நட்சத்திரத்தைப் பின்தொடரும் சிறு தாங்கியும் இருந்தால், நீண்ட நேரப் படத்தில் பிடித்துவிடலாம். இருட்டு இருக்கும்வரைதான் இது முடியும். ஹான்லேயைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. மலைமேல் சாலையும் விளக்கும் இனிமேல்தான் பெருகும், பெருகவும் வேண்டும். மலைமக்களுக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. புதிதாகப் போடும் விளக்குக்கு மேல்மூடி வைத்து வெளிச்சத்தைத் தரைக்கு இறக்குங்கள் என்று ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதனால் நடப்பவருக்கும் நன்றாகத் தெரியும், மின்சாரமும் மிச்சம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐராஸ், ஸ்பிட்சர், ஹெர்ஷல் எடுத்த தரவுகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. வெப் எடுப்பவையும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. அமெரிக்காவில் உள்ளவர் இறக்கும் அதே கோப்பை உங்கள் கல்லூரிக் கணினியிலும் இறக்கலாம். காசியோப்பியா ஏ திசையில் 2024இல் எடுத்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேதிகளின் படங்களைப் பக்கத்தில் வைத்து, ஒரு தகடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். இயற்பியல் ஆசிரியர்கள் உடனிருந்து உதவுங்கள். கட்டியா, தகடா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. அதில் வேலை செய்ய ஆட்கள் தேவை.